கடைக்கு வராதவர்கள்

கதிர்,

சென்னையிலிருந்து உன் வழிகாட்டிப் பேராசிரியை என்னை அழைத்தபோது நான் வகுப்புக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். திரையில் அவர் பெயரைப் பார்த்ததும் உனக்கு ஏதோ ஆகிவிட்டது என்றுதான் நினைத்தேன். காய்ச்சல், சாலை விபத்து, ஆஸ்பத்திரி என்று ஒரு நொடிக்குள் என் மனம் எங்கெங்கோ போய் வந்தது. போர்ட் பிளேரில் உட்கார்ந்துகொண்டு பிள்ளையை மெயின்லேண்டில் விட்டிருக்கிற எல்லா அம்மாக்களுக்கும் இருக்கிற பயம்தான் இது. நினைத்த உடனே பஸ் பிடித்து வந்துவிட முடியாதே. "பயப்படாதீங்க மேடம், கதிர் நல்லாத்தான் இருக்கார்" என்று அவர் சொன்ன பிறகுதான் நாற்காலியில் உட்கார்ந்தேன். அடுத்து அவர் சொன்னது என்னை மறுபடியும் எழுப்பிவிட்டது.

"ஆராய்ச்சித் தலைப்பை மாத்தணும்னு கேட்கிறார் மேடம். இத்தனை வருஷம் செஞ்ச வேலையைப் போட்டுட்டுப் புதுசா ஆரம்பிக்கிறேன்னு சொல்றார். காரணம் கேட்டா, சேகரிச்ச விவரங்கள் சரியில்லைங்கிறார். நான் உட்கார்ந்து பார்த்துட்டேன். அதுல ஒரு குறையும் இல்லை. வீட்டுல ஏதாவது பிரச்சினையா?"

வீட்டில் ஒரு பிரச்சினையும் இல்லை என்றேன். பிறகு, ஏன் கேட்டேன் என்று எனக்கே தெரியாமல், "முடிவு என்ன வந்திருக்கு?" என்று கேட்டேன். "அவர் உங்ககிட்ட சொல்லலையா? உங்க ஆராய்ச்சி முடிவுக்கு நேர் எதிரா வந்திருக்கு மேடம்" என்றார்.

அன்று வகுப்புக்குப் போனேன். என்ன பாடம் நடத்தினேன் என்று நினைவில்லை.

என் முடிவு என்ன என்பது உனக்குத் தெரியும். எங்கள் கையில் வளர்ந்ததுபோல அதன் கூடவும் வளர்ந்தவன் நீ. ஆனாலும் சொல்கிறேன், சொல்லிப் பார்த்தால்தான் எனக்கே அது எங்கே வழுக்கியது என்று தெரிகிறது. நான் இங்கே மரைன் ஹில்லில் பிறந்து வளர்ந்தவள். உன் தாத்தா துறைமுகத்தில் வேலை பார்த்தார். கப்பல் வந்ததா, வரவில்லையா என்பதுதான் எங்கள் வீட்டில் தினமும் முதல் பேச்சு. கல்லூரியில் தற்காலிக விரிவுரையாளராகச் சேர்ந்து மார்க்கெட்டிங் நடத்த ஆரம்பித்தபோது, கையில் இருந்த பாடப்புத்தகங்கள் எல்லாம் பொருள் குவிந்து கிடக்கிற ஊர்களைப் பற்றியே பேசின. வாடிக்கையாளரை எப்படி இழுப்பது, எப்படி விளம்பரம் செய்வது என்று பக்கம் பக்கமாக இருந்தது. இங்கேயோ மழைக்காலத்தில் கப்பல் தாமதமானால் வெங்காயமும் முட்டையும் பால் பவுடரும் கடையிலிருந்து மறைந்துவிடும். யாரும் யாரையும் இழுக்க வேண்டாம், எல்லோரும் தாங்களாகவே வந்து நிற்பார்கள். அப்படிப்பட்ட நாளில் கடைக்காரர் யாருக்குக் கொடுக்கிறார், கப்பல் வந்த பிறகு வாடிக்கையாளர் அதை நினைவில் வைத்திருக்கிறாரா என்பதுதான் நான் எடுத்துக்கொண்ட கேள்வி. பிடிவாதமாக அதையே பிடித்துக்கொண்டேன். மழையில் அபர்டீன் பஜாரில் கடை கடையாக ஏறி இறங்கினேன். அதிக நாள் நின்றது மணிக்கூண்டுக்குக் கீழே சரிவில் இருந்த அண்ணாச்சி கடையில். கிடைத்த முடிவு இதுதான்: தட்டுப்பாட்டு நாளில் இருப்பதைப் பங்கிட்டு, தன் வாடிக்கைக்காரர்களுக்கு ஒதுக்கி வைத்துக் கொடுக்கிற கடைக்காரரை மக்கள் விடுவதே இல்லை. அவர்மேல் வரும் நம்பிக்கை பிறகு எத்தனை கடை வந்தாலும் குறைவதில்லை.

முனைவர் பட்டம், கட்டுரைகள், சென்னையிலும் கொச்சியிலும் பேசக் கூப்பிட்டது, பேராசிரியர் பதவி, எல்லாமே அந்த ஒரு முடிவிலிருந்து முளைத்தவை. தீவுகளில் நுகர்வோர் என்றால் என் பெயரைச் சொல்வார்கள். நீயும் மார்க்கெட்டிங்கில்தான் ஆராய்ச்சி செய்வேன் என்று நின்றபோது எனக்குச் சந்தோஷத்தைவிடக் கலக்கம்தான் அதிகம் இருந்தது. வங்கித் தேர்வு எழுது என்று எத்தனை தடவை சொன்னேன். "நீ பார்த்த கடைகளையே இன்னைக்கு இருக்கிற ஆன்லைன் ஆர்டர் காலத்துல திரும்பப் பார்க்கறேம்மா, அவ்வளவுதான்" என்றாய். அம்மாவின் நிழலில் நின்று எழுதினான் என்று உன்னைச் சொல்லிவிடுவார்களோ என்று நான் பயந்தேன். இப்படி ஒன்று நடக்கும் என்று அப்போது தோன்றவே இல்லை.

போன மழைக்காலத்தில் நீ வேலைக்காக வந்து வீட்டில் தங்கியிருந்தாய் இல்லையா, அந்த நாட்களைத்தான் இப்போது திரும்பத் திரும்ப நினைத்துப் பார்க்கிறேன். முதலில் பஜாருக்குத்தான் போனாய். கொஞ்ச நாளில் பஜாரை விட்டுவிட்டு வீடு வீடாகப் போக ஆரம்பித்தாய். நனைந்து வந்து பேசாமல் உட்கார்ந்திருப்பாய். களப்பணி அலுப்பு என்று விட்டுவிட்டேன். ஒரு நாள் சாப்பிடும்போது, மீன் முள்ளை எடுத்துக்கொண்டே, "அம்மா, நீ பேட்டி எடுத்தவங்க எல்லாரும் கடையில நின்னவங்கதானா?" என்று கேட்டாய். "ஆமா, வேற எங்க நிப்பாங்க?" என்றேன். எதற்குக் கேட்கிறாய் என்றதற்கு, "ஒண்ணுமில்லம்மா" என்றாய். அப்பா குழம்பு கேட்டார். பேச்சு அத்தோடு போய்விட்டது.

உன்னுடைய அந்த 'ஒண்ணுமில்லம்மா'வை நான் அப்போதே பிடித்திருக்க வேண்டும். அது எப்படிப்பட்டது என்று எனக்கு முன்பே தெரியும். அப்பா கார் நிக்கோபார் தீவில் மின்சாரத் துறையில் இருந்த காலம். நான் பேராசிரியர் பதவிக்கான நேர்காணலுக்குச் சென்னை போயிருந்தேன். நீ பன்னிரண்டாம் வகுப்பு. தினமும் சாயங்காலம் போனில் பேசினோம். சாப்பிட்டாயா என்றால் சாப்பிட்டேன் என்பாய், அப்பா பேசினாரா என்றால் பேசினார் என்பாய், வேறு என்ன என்றால் ஒண்ணுமில்லம்மா என்பாய். அப்பாவுக்கு மஞ்சள் காமாலை முற்றி, அங்கே ஆஸ்பத்திரியில் படுத்துக்கிடந்தார் என்பதை நான் ஊர் திரும்பி விமான நிலையத்தை விட்டு வெளியே வந்த பிறகுதான் சொன்னாய். "சொல்லியிருந்தா நீ இன்டர்வியூவுக்குப் போயிருக்க மாட்ட" என்றாய். அப்பா பிழைத்துக்கொண்டார், எனக்குப் பதவியும் கிடைத்தது. ஊரில் எல்லோரும் உன்னைப் பொறுப்பான பிள்ளை என்று மெச்சினார்கள். நானும் கட்டிப்பிடித்துக்கொண்டேன். ஆனால் அன்றிலிருந்து நீ ஒன்றுமில்லை என்று சொன்னால், என்னைக் காப்பாற்றுவதற்காக நீ எதை விழுங்கிக்கொண்டிருக்கிறாயோ என்று பயப்படுவேன்.

இப்போது எதை விழுங்கப் பார்த்தாய் என்பது தெரிந்துவிட்டது. இந்த மாதக் கடைசியில் நான் ஓய்வு பெறுகிறேன். துறையில் என் ஆராய்ச்சியை வைத்தே ஒரு கருத்தரங்கு நடத்தி வழியனுப்பப் போகிறார்கள். என் பழைய மாணவர்கள் வடக்கே மாயாபந்தரிலிருந்துகூட வருகிறார்கள். அந்த நேரத்தில் அம்மாவின் முடிவு தவறு என்று மகனே எழுதுவதா என்று நினைத்திருப்பாய். உன் வழிகாட்டி பேசிய பிறகு உன்னை எத்தனை தடவை அழைத்தேன். ஒன்று எடுக்கவில்லை, இல்லாவிட்டால் வேலையாக இருக்கிறேன் என்று ஒரு வரி அனுப்பினாய்.

அப்பாவிடம் சொன்னேன். அவர் பேப்பரை மடித்து வைத்தார். "அரே, விட்டுரேன்" என்றார். "பையன் உன் மானத்தை, இஜ்ஜத்தைக் காப்பாத்தறான். வேற டாபிக் எடுத்துப் பண்ணட்டும். யாருக்கு என்ன நுக்சான்?"

"அவனுக்கு நஷ்டம் இல்லையா? நாலஞ்சு வருஷம் போச்சே."

"வருஷம் போனா வரும். நீ சபையில தலை குனிஞ்சா?"

கதிர், ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன். அப்பா அப்படிச் சொன்னபோது எனக்கு ஆறுதலாக இருந்தது. விட்டுவிடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. உன்மேல் கோபமும் வந்தது. இத்தனை ஊர் இருக்க, இத்தனை கேள்வி இருக்க, இதையா தோண்ட வேண்டும் என்று நினைத்தேன். ஊருக்குத் தெரிந்த நானே அந்த ஒரு முடிவுதான். அதை எடுத்துவிட்டால் மிச்சம் யார் இருக்கிறாள் என்று கேட்டுக்கொண்டேன். உன் பக்கம் தவறு இருக்கட்டும் என்று ஆசைப்பட்டேன். தாயாக இருந்தும் அப்படி ஆசைப்பட்டேன்.

அதனால்தான், உன் முடிவு தவறு என்று நிரூபிக்கும் எண்ணத்தோடுதான், மூன்றாம் ஆண்டு வகுப்பில் ஒன்றைக் கேட்டேன். வாடிக்கைக்காரர்களைப் பற்றிய பாடம் நடத்திவிட்டு, "உங்க வீட்டுல பஜார்ல ஒரே கடையில வாங்குறவங்க கையைத் தூக்குங்க" என்றேன். நிறையக் கைகள் எழுந்தன. எனக்கு மூச்சு வந்தது. பிறகு உன் கேள்வியை நினைத்துக்கொண்டு, "ஏதாவது ஒரு கடைக்கு மட்டும் போகவே மாட்டோம்னு இருக்கிறவங்க?" என்று கேட்டேன். பிறகு ஒன்று, இரண்டு என்று கைகள் எழுந்தன. ஜங்லிகாட்டிலிருந்து வருகிற தெலுங்குப் பெண் ஒருத்தி எழுந்து நின்றாள். "மேடம், எங்க அம்மா மணிக்கூண்டு கிட்ட ஒரு கடை இருக்கு, அது வழியாக்கூட நடக்க மாட்டாங்க. ரோடைக் கிராஸ் பண்ணி அந்தப் பக்கம் போயிருவாங்க" என்றாள். வகுப்பு சிரித்தது. அவள் சிரிக்கவில்லை.

அன்று சாயங்காலமே அவளோடு அவள் வீட்டுக்குப் போனேன். அவள் அம்மா மீன் விற்கிறவர். என்னைவிட ரொம்பச் சின்னவர், ஆனால் பார்க்க அப்படித் தெரியவில்லை. டீ போட்டுக் கொடுத்துவிட்டு எதிரே தரையில் உட்கார்ந்தார். நானும் நாற்காலியிலிருந்து இறங்கித் தரையில் உட்கார்ந்தேன். எல்லோருக்கும் பொதுவான நம் தீவு ஹிந்தியில்தான் பேசினோம்.

மூத்த பையன் கைக்குழந்தையாக இருந்தபோது நடந்ததாம். அவருக்குக் காய்ச்சல் வந்து பால் வற்றிவிட்டது. கப்பல் வரவில்லை, எங்கும் பால் பவுடர் இல்லை. யாரோ அந்தக் கடையில் இருக்கிறது என்று சொல்ல, மழையில் குழந்தையைத் தூக்கிக்கொண்டே போயிருக்கிறார். உள்ளே அலமாரியில் டப்பாக்கள் கண்ணுக்குத் தெரிந்தன. "ஏ சப் ஹமாரே கிராஹக் கா ஹை" என்று கடைக்காரர் சொல்லிவிட்டார். இதெல்லாம் எங்கள் வாடிக்கைக்காரர்களுடையது என்று. அவர் திட்டவில்லை, விரட்டவில்லை, மரியாதையாகத்தான் சொன்னாராம். கடையில் நின்ற மற்றவர்கள் தன்னைப் பார்த்த பார்வையைத்தான் மறக்க முடியவில்லை என்றார். பக்கத்து வீட்டு வரிசையில் குடியிருந்த மலையாள நர்ஸ் ஒருவர் தன் வீட்டிலிருந்த பாதி டப்பாவைக் கொடுத்ததால் அந்த வாரம் ஓடியது. "பச்சா பச் கயா, மேடம்" என்று சிரித்தார். பிள்ளை பிழைத்துக்கொண்டான். இப்போது படகில் வேலை செய்கிறானாம்.

எந்தக் கடை என்று கேட்டேன். அண்ணாச்சி கடைதான்.

எந்த வருடம் என்றும் கேட்டேன். நான் அங்கே கேள்வித்தாளோடு நின்ற மழைக்காலமும் அவர் சொன்ன மழைக்காலமும் ஒன்றாகவே இருக்கக்கூடும். அந்த நாளில் அவரைப் பார்த்தவர்களில் நானும் ஒருத்தியா என்று எனக்குத் தெரியவில்லை. எவ்வளவு யோசித்தும் அந்த முகம் வரவில்லை. அவர் கடைப்படி இறங்கிப் போனதும், உள்ளே டப்பாவோடு நின்றவரிடம் திரும்பி, இந்தக் கடைமேல் உங்களுக்கு நம்பிக்கை இருக்கிறதா என்று கேட்டிருப்பேன். இருக்கிறது என்று அவர் சொல்லியிருப்பார். ஏன் சொல்ல மாட்டார்? மழையில் இறங்கிப் போனவரை நான் கேட்கவில்லை. கடையில் இருந்தவர்களை மட்டும் கேட்டுவிட்டு, மக்கள் விடுவதே இல்லை என்று எழுதினேன். விட்டவர்கள் அங்கே நிற்கவே இல்லையே.

"இத்னே சால் பாத் கியோன் பூச் ரஹே ஹோ, மேடம்?" என்று அவர் கேட்டார். இத்தனை வருடம் கழித்து ஏன் கேட்கிறீர்கள்? என் மகன் கேட்கச் சொன்னான் என்று சொல்லிவிட்டேன். நீ சொல்லவில்லைதான். ஆனால் வேறு எப்படிச் சொல்வது?

திரும்பும் வழியில் அண்ணாச்சியைப் பார்த்தேன். கடையை இப்போது அவர் மகன் பார்க்கிறார். இவர் சும்மா வந்து உட்கார்ந்திருப்பார். பெயர் சொல்லாமல் விஷயத்தைச் சொன்னேன். "அப்பம் அப்படித்தாம்மா ஒதுக்கி வச்சேன். வாடிக்கைக்காரங்களுக்கு இல்லன்னு சொல்ல முடியுமா? திருப்பி அனுப்புனவங்க எத்தனை பேருன்னு தெரியல. திரும்ப வந்தவங்க முகந்தான மனசுல நிக்கும்" என்றார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர் வியாபாரி, தன் கடைக்குள் வருகிறவர்களைப் பார்ப்பது அவர் வேலை. கடைக்கு வெளியேயும் பார்ப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள்.

அதனால், நீ தலைப்பை மாற்றக் கூடாது. இதைச் சொல்லும்போதே எனக்கு உன்னைப் பற்றி வேறு பயங்களும் வருகின்றன. அம்மாவைக் கவிழ்த்துப் பெயர் வாங்கினான் என்று சிலர் பேசுவார்கள். அம்மாவும் மகனும் பேசிவைத்துக்கொண்டு செய்தார்கள் என்று வேறு சிலர் பேசுவார்கள். இரண்டையும் கேட்டுக்கொண்டு நீ வேலை தேட வேண்டும், நேர்காணலில் உட்கார வேண்டும். அதை நினைத்தால் எனக்குத் தூக்கம் வரவில்லை. ஆனாலும் எழுது. என் பெயர் வருகிற இடத்தில் வேறு எந்தப் பேராசிரியரின் தவறை எப்படிச் சொல்வாயோ அப்படியே சொல். மென்மையாக்காதே, காரமும் சேர்க்காதே. அப்புறம், வழிகாட்டியாக இல்லாவிட்டாலும் ஒரு பழைய வாத்தியாராக ஒன்று கேட்கிறேன்: விட்டுப் போனவர்களைத் தேடிப் போன வேகத்தில், விடாமல் நின்றவர்களைக் குறைவாகக் கேட்டுவிடவில்லையே? நான் செய்ததைத் திருப்பிப் போட்டு நீ செய்துவிடாதே. அதை ஒரு தடவை சரிபார். சரியாக இருந்தால் கொண்டுபோய்க் கொடு.

இந்தக் கடிதத்தை உனக்குத் தபாலில் போடவில்லை. என் வழியனுப்பு விழாவுக்கு ஒரு மலர் போடுகிறார்கள். அதில் தமிழ்ப் பகுதிக்கு என் ஆராய்ச்சி வாழ்க்கையைப் பற்றி நினைவுக் கட்டுரை கேட்டிருந்தார்கள். அதற்குப் பதிலாக இதுவரை எழுதியதைக் கொடுத்துவிட்டேன்; இந்தக் கடைசிப் பத்திகளை மட்டும் அச்சுக்குப் போகுமுன் சேர்க்கிறேன். உன் வழிகாட்டியிடம் கேட்டுக்கொண்டுதான் செய்தேன். உன் அட்டவணைகளை நான் பார்க்கவும் இல்லை, தொடவும் இல்லை. என் தவறை மட்டும்தான் சொல்லியிருக்கிறேன். ஜங்லிகாட் அம்மாவிடமும் அண்ணாச்சியிடமும் அனுமதி வாங்கினேன். அந்த அம்மா தன் பெயர் வேண்டாம் என்றார், அண்ணாச்சி தாராளமாகப் போடுங்கள் என்றார். இரண்டு பேர் பெயரையும் போடவில்லை. மலரைத் தயாரிக்கிற இளம் விரிவுரையாளர் என் மாணவிதான். படித்துவிட்டு எழுந்தே நின்றுவிட்டாள். "மேடம், ரிடயர்மென்ட் மலர்ல யாராவது இப்படி எழுதுவாங்களா? ஒரு நாள் யோசிச்சுட்டுக் கொடுங்களேன்" என்றாள்.

யோசித்தால் கொடுக்க மாட்டேன் என்று எனக்குத் தெரியும். "போடும்மா" என்று சொல்லிவிட்டு மாடிப்படி இறங்கினேன். அப்பா என்ன சொல்வார், கருத்தரங்குக்கு வருகிறவர்கள் முகத்தை எப்படிப் பார்ப்பேன், எல்லாவற்றுக்கும் மேலாக நீ இதை மன்னிப்பாயா என்று பயமாக இருந்தது. இதை எழுதும்போதும் அப்படித்தான் இருக்கிறது. ஆனால் இந்த ஊரே படிக்கப்போகிற ஒன்றை நீ இனிமேல் யாரிடமிருந்தும் மறைக்க வேண்டியதில்லை. நான் என்னுடையதைக் கொடுத்துவிட்டேன் கண்ணா. நீ உன்னுடையதைக் கொடு.

அம்மா